மூளைக் கட்டியைத் தடுக்க முடியுமா?

(நமது மருத்துவமனை நண்பர்களின் வருடாந்தரக் கூடுகையில் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவின் மருத்துவர் ஆற்றிய உரை. கூடுகைக்கு வர இயலாத அன்பர்களுக்காக இங்கே அச்சிடப்படுகிறது.)



வழக்கமாக இந்தக் கூடுகையில் கட்டடம், கருவிகள், வரவு செலவு ஆகியவற்றைக் குறித்தே அதிகம் பேசுவோம். இந்த முறை உங்களிடமிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் எழுதிய கேள்வி அது. "கண் முகாம் நடத்துகிறோம், சர்க்கரை நோய் முகாம் நடத்துகிறோம். அதுபோல மூளைக் கட்டி வராமல் தடுக்கவும், வந்ததை முன்கூட்டியே கண்டுபிடிக்கவும் ஒரு ஸ்கேன் முகாம் நடத்தக் கூடாதா? அதற்கு வேண்டிய காணிக்கையை நாங்கள் சேர்த்துத் தருகிறோம்" என்று எழுதியிருந்தார்கள்.

நல்ல மனதோடு கேட்கப்பட்ட கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் முகாம் வேண்டாம். ஆனால் அந்தக் காணிக்கைக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. ஏன் அப்படிச் சொல்லுகிறேன் என்பதை உங்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லவே இங்கே நிற்கிறேன்.

எந்தக் கட்டியைப் பற்றிப் பேசுகிறோம்?

மூளைக் கட்டி என்றவுடனே புற்றுநோய் என்று நினைத்து நடுங்கிப் போகிறவர்கள் அநேகர். மூளைக்குள் வரும் கட்டிகளில் புற்றுநோய் உண்டு என்பது உண்மையே. ஆனால் மூளையிலேயே தோன்றும் கட்டிகளில் புற்றுநோய் அல்லாதவையே அதிகம். இவை மெதுவாக வளரும். உடலின் வேறு இடங்களுக்குப் பரவுவது மிக அரிது. முழுவதும் எடுத்துவிட முடிந்தால் பெரும்பாலோர் குணமடைந்து பழைய வேலைக்கே திரும்புகிறார்கள்.

இவற்றில் மூன்று வகைகளை நீங்கள் அறிந்துகொண்டால் போதும். மூளையைச் சுற்றியிருக்கும் உறையிலிருந்து வளருவது மெனிஞ்சியோமா. இந்தப் பெயரை 1922-ல் சூட்டியவர் அமெரிக்க நரம்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங். மூளையின் அடிப்பாகத்தில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வருவது இரண்டாவது வகை. காதிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பின் உறையில் வருவது மூன்றாவது வகை.

மூன்றிலும் அதிகமாகக் காணப்படுவது மெனிஞ்சியோமாதான். அமெரிக்காவில் மூளையிலேயே தோன்றும் கட்டிகளைக் கணக்கெடுத்துப் பார்த்தால் மூன்றில் ஒன்றுக்கும் மேல் மெனிஞ்சியோமாவாக இருக்கிறது. ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக வருகிறது. வயது ஏற ஏற எண்ணிக்கையும் ஏறுகிறது. ஆகையால் இன்று நான் அதிகமாகப் பேசப் போவது மெனிஞ்சியோமாவைக் குறித்தே.

இந்தக் கட்டி பரவாது என்றேனே தவிர, தீங்கு செய்யாது என்று சொல்லவில்லை. மண்டை ஓடு விரிந்து கொடுக்காத ஒரு பெட்டி. அதற்குள் ஒன்று வளர்ந்தால் பக்கத்தில் இருப்பது நசுங்கும். பார்வை நரம்பு நசுங்கினால் கண் போகும். கட்டியை எடுத்த பிறகும் இழந்த பார்வை எப்போதும் திரும்பி வருவதில்லை. நரம்பு எவ்வளவு காலம் நசுங்கிக் கிடந்தது என்பதைப் பொறுத்தது அது. எனவேதான் காலம் இங்கே முக்கியம்.

"நாங்கள் என்ன தவறு செய்தோம்?"

கட்டி என்று சொன்னவுடன் நோயாளியின் குடும்பத்தார் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு செலவாகும்?" என்பது அல்ல. "இது எதனால் வந்தது?" என்பதே. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு குற்ற உணர்ச்சி ஒளிந்திருக்கிறது. கோபத்தில் தலையில் ஒரு அடி அடித்தேனே, அதனாலா? பிள்ளை ராத்திரியெல்லாம் செல்போனை வைத்துக்கொண்டிருந்தானே, அதனாலா? யாராவது செய்வினை வைத்தார்களா? குடும்பத்தின் பாவமா? மருமகள் வீட்டுக்கு வந்த நேரமா?

பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டதை நீங்கள் அறிவீர்கள். அவர்களுக்குக் கிடைத்த பதிலையும் அறிவீர்கள். மருத்துவமும் இந்த விஷயத்தில் அதே பக்கம்தான் நிற்கிறது. புற்றுநோயல்லாத மூளைக் கட்டி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு, அவர்கள் செய்த காரியத்தையோ செய்யத் தவறிய காரியத்தையோ காரணமாகக் காட்ட முடியாது. உயிரணுக்கள் பெருகும்போது அவற்றின் மரபுப் பொருளில் தற்செயலாக ஏற்படும் மாறுதலே பல கட்டிகளுக்குத் தொடக்கம். இதை நோயாளியின் வீட்டுக்குப் போய்ச் சொல்லுகிறவர்கள் சபையில் இருந்தால், அதுவே ஒரு பெரிய ஊழியம்.

தலையில் அடிபட்டால் வருமா?

இது நெடுங்காலக் கேள்வி. அமெரிக்க இராணுவத் தளபதி லெனார்ட் வுட் என்பவர் கியூபாவில் ஆளுநராக இருந்த காலத்தில், மேஜையிலிருந்து எழும்போது மேலே தொங்கிய விளக்கில் தலையை இடித்துக்கொண்டார். சில ஆண்டுகளில் அவருக்கு வலிப்பு வந்தது. இடது கால் பலவீனமானது. 1910-ல் குஷிங் அவருடைய மண்டையைத் திறந்து மெனிஞ்சியோமாவை அகற்றினார். வுட் எழுந்து நடந்தார். அமெரிக்க இராணுவத்தின் தலைமைப் பொறுப்பை வகித்தார். பின்னர் பிலிப்பைன்ஸின் தலைமை ஆளுநராகவும் இருந்தார். கட்டி மறுபடியும் வளர்ந்து, 1927-ல் மீண்டும் அறுவைச் சிகிச்சை செய்தபோது இறந்தார். அந்த விளக்குதான் காரணம் என்று பலர் நம்பினார்கள்.

நம்புவது எளிது. பரிசோதித்துப் பார்ப்பது கடினம். டென்மார்க்கில் தலைக்காயத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்த 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து, 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். காயம்பட்ட முதல் ஆண்டில் மட்டும் கட்டிகள் அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டன. காரணம் தெளிவு. அடிபட்டதற்காக ஸ்கேன் எடுத்தபோது ஏற்கெனவே இருந்த கட்டி தென்பட்டது. சிலர் கட்டியினால் வலிப்பு வந்தே கீழே விழுந்திருப்பார்கள். முதல் ஆண்டுக்குப் பிறகு மெனிஞ்சியோமா அதிகமாகவில்லை. ஆகையால், பிள்ளையின் தலையில் அன்று குட்டியதால்தான் இன்று கட்டி வந்தது என்று எந்தத் தாயும் அழ வேண்டியதில்லை. தலைக்கவசம் அணியுங்கள். அது விபத்தில் உயிர் காக்க.

செல்போனைக் குறித்தும் ஒரு வார்த்தை. 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இந்த அலைகள் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம் என்று எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகு பெரிய ஆய்வுகள் பல வந்தன. பிரிட்டனில் லட்சக்கணக்கான பெண்களைத் தொடர்ந்த ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. செல்போன் உபயோகிப்பவர்களுக்கு மூளைக் கட்டி அதிகமாகவில்லை என்று அது காட்டியது. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து 2024-ல் வெளியான அறிக்கையும் அதையே சொன்னது. பிள்ளைகளின் கையிலிருந்து செல்போனை வாங்கி வைக்க நல்ல காரணங்கள் பல உண்டு. மூளைக் கட்டி அவற்றில் ஒன்றல்ல.

உறுதியாகத் தெரிந்த காரணம்

அப்படியானால் உறுதியாகத் தெரிந்த காரணமே இல்லையா? இருக்கிறது. அது கதிர்வீச்சு. அதை உலகம் எப்படிக் கற்றுக்கொண்டது என்பது நம்மைப் போன்ற தரும மருத்துவமனைகள் மறக்கக் கூடாத வரலாறு.

1948 முதல் 1960 வரையிலான ஆண்டுகளில் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்தியக் கிழக்கிலிருந்தும் ஆயிரமாயிரமான குடும்பங்கள் இஸ்ரவேல் நாட்டில் வந்து குடியேறின. அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தலையில் படர்தாமரை இருந்தது. அக்காலத்தில் அதற்கு ஏற்ற மாத்திரை கிடையாது. தலைமுடி முழுவதும் உதிரும்படி எக்ஸ்ரே கதிரைத் தலைமேல் செலுத்தி, பூஞ்சை பிடித்த முடியை நீக்குவதே அப்போது உலகமெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்த முறை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும், மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றக் கூடாது என்ற எண்ணத்தோடே அது செய்யப்பட்டது. 1950களின் இறுதியில் கிரிசியோஃபுல்வின் என்ற மாத்திரை வந்தது. எக்ஸ்ரே சிகிச்சை நின்றது. எல்லோரும் அதை மறந்தார்கள்.

பிள்ளைகளின் உடல் மறக்கவில்லை. பாரூக் மோடான் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் பழைய சிகிச்சைப் பதிவேடுகளைத் தேடி எடுத்தார்கள். கதிர் பெற்ற 10,834 பேரின் பெயர்கள் கிடைத்தன. அதே வயதில், அதே பின்னணியில், கதிர் பெறாதவர்களோடும், அவர்களுடைய சொந்த அண்ணன் தம்பி அக்காள் தங்கைகளோடும் ஒப்பிட்டார்கள். 1974-ல் முதல் எச்சரிக்கை வெளியானது. 1988-ல் எலெய்ன் ரோன் தலைமையில் வந்த அறிக்கை, கதிர் பெற்றவர்களுக்கு மெனிஞ்சியோமா வரும் வாய்ப்பு ஒன்பது மடங்குக்கும் மேல் என்று காட்டியது. 2005-ல் சீகல் சடெட்ஸ்கி தலைமையில் வந்த அறிக்கை, 30 ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்த ஆபத்து நீங்கவில்லை என்று சொன்னது. இதற்கிடையில் 1994-ல் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டத்தை அந்த நாடு இயற்றியது.

இதில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, நல்ல எண்ணம் மட்டும் போதாது. உதவி செய்யும் கையும் தீங்கு செய்துவிடக்கூடும். அது 20, 30 ஆண்டுகளுக்குப் பிறகே தெரியவரும். இரண்டாவது, இந்த உண்மை எப்படி வெளிவந்தது? யாரோ ஒரு எழுத்தர் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பதிவேட்டில் எழுதி வைத்தபடியால் வெளிவந்தது. அந்தப் பதிவேடுகளை எரித்துவிட்டிருந்தால் இன்றுவரை நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களில் அணுகுண்டுக்குத் தப்பிப் பிழைத்தவர்களிடமும் இதே பாடம் தெரிந்தது. இரத்தப் புற்றுநோய்க்காகச் சிறு வயதில் தலைக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றுப் பிழைத்த பிள்ளைகளிடமும் தெரிந்தது. அந்தச் சிகிச்சை இல்லாவிட்டால் அவர்களில் அநேகர் உயிரோடு இருந்திருக்கவே மாட்டார்கள். ஆகவே அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் பெரியவர்களான பிறகும் அவர்களைக் கவனித்து வர வேண்டும். இன்று தேவையில்லாத இடத்தில் தலைக்குக் கதிர் கொடுப்பதை மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, இனி எக்ஸ்ரே எடுக்கவே மாட்டோம் என்று யாரும் பயப்பட வேண்டாம். அளவைப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளின் மூளை பெற்ற கதிர் மிக அதிகம். இன்று பல்லுக்கு எடுக்கும் எக்ஸ்ரேயின் அளவு அதற்குப் பக்கத்திலும் வராது. பல் எக்ஸ்ரேயையும் மெனிஞ்சியோமாவையும் தொடர்புபடுத்தி 2012-ல் ஒரு அமெரிக்க ஆய்வு வந்தது. ஆனால் அது, எத்தனை முறை எடுத்தோம் என்று நோயாளிகள் நினைவிலிருந்து சொன்னதை வைத்துச் செய்யப்பட்டது. 40 ஆண்டுகளுக்கு முந்திய பல் எக்ஸ்ரேயை யார் சரியாக நினைவில் வைத்திருப்பார்கள்?

பிள்ளைகளுக்குத் தலையில் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் சற்று அதிகக் கவனம் தேவை. 2012-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வின்படி, 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 10,000 தலை ஸ்கேன் எடுத்தால், அடுத்த 10 ஆண்டுகளில் ஒரு மூளைக் கட்டி கூடுதலாக வரலாம். தலையில் இரத்தக் கசிவு என்று சந்தேகம் இருந்தால் அந்த ஸ்கேன் உயிரைக் காக்கும். உடனே எடுக்க வேண்டும். வெறும் தலைவலிக்குப் பெற்றோரே கேட்டு எடுக்கச் சொல்வது வேறு. அங்கே பொறுமை நல்லது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இத்தகைய கதிர் இல்லை.

ஊசியும் மாத்திரையும்

பெண்களுக்கே இது ஏன் அதிகம்? பெரும்பாலான மெனிஞ்சியோமாக்களில், புரொஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனை ஏற்றுக்கொள்ளும் வாசல்கள் இருக்கின்றன. கர்ப்ப காலத்தில் சில கட்டிகள் வேகமாகப் பெருப்பதும் உண்டு. இதிலிருந்து கிடைத்த துப்பைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள்.

சைப்ரோடிரோன் அசிட்டேட் என்ற ஹார்மோன் மருந்தை அதிக அளவில் நீண்ட காலம் சாப்பிட்ட பெண்களை ஆராய்ந்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த மருந்தைச் சாப்பிட்டவர்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 24 பேர் மெனிஞ்சியோமாவுக்காகச் சிகிச்சை பெற வேண்டியிருந்தது. ஒப்பிடப்பட்ட மற்றப் பெண்களில் 4 அல்லது 5 பேர்தான். மருந்தை நிறுத்தியபோது பல கட்டிகள் வளர்ச்சி நின்றன. சில சுருங்கின. கத்தி வைக்காமலே சுருங்கிய கட்டிகள்!

2024-ல் அதே நாட்டிலிருந்து அடுத்த அறிக்கை வந்தது. மெனிஞ்சியோமாவுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 18,061 பெண்களின் மருந்துக் கணக்கைப் பார்த்தார்கள். மெட்ராக்சி புரொஜெஸ்டிரோன் ஊசியை ஓராண்டோ அதற்கு மேலோ போட்டுக்கொண்டவர்களுக்கு ஆபத்து ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. ஹார்மோன் கலந்த கருப்பைச் சாதனத்தில் அந்த ஆபத்து காணப்படவில்லை. அதே ஆண்டில் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த ஊசியைக் குறித்து எச்சரிக்கை விடுத்தது.

இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் கருத்தடை ஊசி இதே மருந்துதான். 2017 முதல் "அந்தரா" என்ற பெயரில் நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுகிறது. சகோதரிகளே, பயந்து யாரும் அதைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். ஐந்து மடங்கு என்றாலும், மிகச் சிறிய எண்ணிக்கையின் ஐந்து மடங்குதான். வேண்டாத கர்ப்பமும், அடுத்தடுத்த பிரசவமும் ஒரு ஏழைப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து. ஆனால் பல ஆண்டுகளாக ஊசி போடுகிறவர்கள் ஒரு முறை மருத்துவரிடம் பேசுங்கள். காப்பர் டி போன்ற வேறு வழிகள் உண்டு. ஏற்கெனவே மெனிஞ்சியோமா இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கண் மங்குகிறது, தலைவலி விடவில்லை என்று வரும் பெண்ணிடம், "என்ன ஊசி போடுகிறீர்கள், எத்தனை வருடமாக?" என்று எங்கள் செவிலியர் கேட்டு எழுத வேண்டும். இந்தக் கேள்விக்கு ஒரு பைசாவும் செலவில்லை.

பரம்பரையும் உடல் எடையும்

மிகச் சிலருக்கு இது பரம்பரையாக வருகிறது. நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் இரண்டாம் வகை என்ற கோளாறு அவற்றில் முக்கியமானது. 22-வது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பழுதுபடுவதே காரணம் என்று 1993-ல் கண்டுபிடித்தார்கள். இந்தக் கோளாறு உள்ளவர்களின் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் அது வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இரண்டு காதுகளின் நரம்பிலும் கட்டி, இளம் வயதிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட மெனிஞ்சியோமா என்றிருந்தால் அந்தக் குடும்பம் முழுவதையும் பரிசோதிக்க வேண்டும். இவர்களுக்கு மட்டும் ஆண்டுதோறும் ஸ்கேன் எடுப்பதில் பொருள் உண்டு.

உடல் எடையும் ஒரு காரணம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் வெளியிட்ட பட்டியலில், அதிக எடையைத் தவிர்த்தால் குறையக்கூடிய நோய்களில் மெனிஞ்சியோமாவும் இருக்கிறது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது என்று நாங்கள் சொல்லிச் சொல்லி அலுத்த அதே நடைப்பயிற்சி இதற்கும் நல்லது.

கட்டி போலத் தோன்றும் சில, கட்டியே அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் வலிப்போடு வருகிறவர்களின் ஸ்கேனில் தெரிவது பல சமயம் நாடாப்புழுவின் நீர்க்கட்டி. இல்லையென்றால் காசநோய்க் கட்டி. இவ்விரண்டையும் பிரித்தறிய 1990களில் வேலூர் மருத்துவர்கள் வகுத்துத் தந்த அளவுகோல்கள் பலரைத் தேவையற்ற அறுவையிலிருந்தும் நீண்ட கால மாத்திரையிலிருந்தும் காப்பாற்றின. நாடாப்புழு முட்டை அசுத்தமான கை வழியாகவும் கழுவாத காய்கறி வழியாகவும் வயிற்றுக்குள் போகிறது. மாமிசம் தொடாதவர்களுக்கும் வரும். மூளைக்குள் வருவதை உண்மையாகவே தடுக்க முடியும் என்று கேட்டால், கழிப்பறையும் சோப்பும்தான் முதல் பதில்.

ஸ்கேன் முகாம் ஏன் வேண்டாம்?

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நலமாயிருந்த 2,000 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, 2007-ல் முடிவைச் சொன்னார்கள். 100-க்கு 0.9 பேர் வீதம், அதாவது 18 பேருக்கு மெனிஞ்சியோமா இருந்தது. அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இப்படித் தற்செயலாகத் தென்படும் சிறிய கட்டிகளில் பல ஆண்டுக்கணக்கில் வளராமலே இருக்கும். சிலர் அதோடே வாழ்ந்து, வேறு காரணத்தால் முதிர் வயதில் காலமாகிறார்கள்.

நாம் முகாம் நடத்தி இப்படிப்பட்ட 18 பேரிடம் "உங்கள் மூளையில் கட்டி இருக்கிறது" என்று சொன்னால் என்ன ஆகும்? நிலத்தை அடகு வைத்துச் சென்னைக்கு ஓடுவார்கள். மகளின் கல்யாணம் நின்றுபோகும். தேவையில்லாத அறுவைக்குச் சிலர் தலையைக் கொடுப்பார்கள். முகாமுக்கு வராத பக்கத்து ஊர்ப் பெண்ணோ, ஒரு கண் மங்கிக்கொண்டே வருகிறதை வயதாகிவிட்டது என்று நினைத்து வீட்டிலேயே இருப்பாள். நாம் தேட வேண்டியது அவளை.

நீங்கள் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

1885-ல் ரோமாபுரியில் பிரான்செஸ்கோ டுராண்டே என்ற அறுவை நிபுணரிடம் 35 வயதுப் பெண் ஒருவர் வந்தார். வாசனை தெரியவில்லை. ஞாபகம் குறைந்தது. இடது கண் கீழ்நோக்கித் தள்ளப்பட்டிருந்தது. எக்ஸ்ரேகூட இல்லாத காலம் அது. இந்த அடையாளங்களைக் கேட்டும் பார்த்தும் கட்டியின் இடத்தைக் கணித்து, அதை எடுத்தார். அந்தப் பெண் பல ஆண்டுகள் உயிரோடிருந்தார். இன்றைக்கும் முதல் பரிசோதனை அதுவே: கேட்பதும் பார்ப்பதும்.

கீழ்க்கண்டவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்:

1. கண்ணாடி மாற்றியும் தெளியாமல், வலியில்லாமல் மெல்ல மங்கும் பார்வை. முக்கியமாக ஒரு கண்ணில், அல்லது இருபக்க ஓரங்களில். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள்.

2. முன்பு ஒருபோதும் இல்லாமல், பெரியவரான பின் முதல்முறையாக வரும் வலிப்பு.

3. ஒரு காதில் மட்டும் குறைந்துகொண்டே வரும் கேள்வி. போனை எப்போதும் ஒரே காதுக்கு மாற்றுகிறார்கள் என்றால் கவனியுங்கள்.

4. காலையில் எழும்போதே அதிகமாக இருந்து, வாரக்கணக்கில் கூடிவரும் தலைவலியும் வாந்தியும்.

5. ஒரு கை அல்லது கால் மெல்லப் பலவீனமாவது. அமைதியான மனிதர் காரணமில்லாமல் மாறிப்போவது. இதைப் பேய் என்றும் திமிர் என்றும் சொல்லி அடித்துவிடாதீர்கள்.

6. பிரசவம் இல்லாமலே பால் சுரப்பது, மாதவிலக்கு நிற்பது, மோதிரமும் செருப்பும் அளவு போதாமல் போவது. இவை பிட்யூட்டரியின் அடையாளங்கள். இவற்றில் ஒரு வகைக் கட்டி மாத்திரையிலேயே சுருங்கிவிடும்.

இவற்றில் ஒன்று இருந்தால் கட்டி என்று அர்த்தமல்ல. பெரும்பாலும் வேறு காரணமே இருக்கும். ஆனால் ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

உங்கள் காணிக்கை என்ன செய்யலாம்?

1949-ல் ஜேக்கப் சாண்டி, கனடாவில் பயிற்சி முடித்து வந்து, வேலூர் மிஷன் மருத்துவமனையில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அன்று சி.டி. ஸ்கேனும் கிடையாது, எம்.ஆர்.ஐ.யும் கிடையாது. நோயாளியைத் தேடிக் கேட்டு, தொட்டுப் பார்த்து, எழுதி வைக்கும் பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கத்தின் மேல்தான் கருவிகள் பிறகு வந்து நின்றன.

ஆகையால் சங்கத்தாரிடம் நான் கேட்பது இவைதான். நமது கண் முகாமில் கண்ணாடி மாற்றியும் தெளியாதவர்களைத் தனியே பிரித்து, பார்வை ஓரங்களையும் பார்வை நரம்பையும் பார்க்க ஒரு மேஜை போடுவோம். அதில் சந்தேகப்படுகிறவர்களுக்கு மட்டும் ஸ்கேன் செலவைத் தாங்குங்கள். அறுவை முடிந்து ஊர் திரும்பினவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப வந்து காட்டிப்போகப் பேருந்துச் செலவு கொடுங்கள். ஏனென்றால் லெனார்ட் வுட்டுக்கு வளர்ந்ததுபோல இந்தக் கட்டி மறுபடியும் வளரக்கூடும். பதிவேட்டை ஒழுங்காக எழுதிப் பாதுகாக்க ஒரு எழுத்தரின் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். இந்தச் சம்பளத்துக்குக் கல்வெட்டு வைக்க முடியாது, திறப்பு விழா நடத்த முடியாது. ஆனாலும் இன்று நாங்கள் செய்யும் சிகிச்சை 30 ஆண்டுகளுக்குப் பிறகு நன்மை செய்ததா தீமை செய்ததா என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லப் போவது அந்தப் பதிவேடுதான்.

உங்கள் சபைக்குத் திரும்பிப் போகும்போது இரண்டு செய்திகளைக் கொண்டுபோங்கள். கட்டி வந்த குடும்பத்துக்கு: உங்கள்மேல் குற்றமில்லை. கண் மங்கும் அக்காளுக்கு: வாருங்கள், நான் கூட வருகிறேன், இந்த வாரமே காட்டிவிடுவோம்.